இரண்டாவது வயர் எங்கே போகிறது?

ஒரு எஞ்சினியரிங் காலேஜ் லேப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட். விரல் நுனியில் மாட்டுகிற ஒரு சின்ன சென்சார். ஒரு பக்கம் எல்.இ.டி., எதிர்ப்பக்கம் போட்டோடையோடு. ரத்தம் துடிக்கும்போது விரலைத் தாண்டி வரும் வெளிச்சம் கூடிக் குறையும். அதை வோல்டேஜாக மாற்றி, பிரேக்அவுட் பாக்ஸ் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, நாடித்துடிப்பை கிராஃபாகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் புராஜெக்ட்.

மாணவர் வயரைச் சொருகினார், ஸ்க்ரூவை முறுக்கினார், புரோகிராமை ஓட்டினார். திரையில் அழகான அலை! விநாடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 60. பாடப்புத்தகத்தில் வருவது போன்ற நாடித்துடிப்பு. பக்கத்து பெஞ்ச் நண்பர்கள் கைதட்டினார்கள். கைடு வந்து பார்த்துவிட்டு "வெரி குட், பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டு" என்றார்.

அப்போது யாரோ மாணவரைக் கூப்பிட, அவர் விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

நாடி நிற்கவில்லை. விரல் இல்லாத சென்சாருக்கு நிமிடத்துக்கு 60 துடிப்பு. ஆரோக்கியமான இதயம்!

கதை கற்பனைதான். ஆனால் இதில் நடந்தது எதுவும் மாயமில்லை. ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு புரோகிராமில் இல்லை, சென்சாரிலும் இல்லை. யாரும் கவனிக்காத அந்தப் பெட்டியில், யாரும் கேட்காத ஒரு கேள்வியில் இருக்கிறது: இரண்டாவது வயர் எங்கே போகிறது?

பெட்டி என்ன செய்கிறது?

டேட்டா அக்விசிஷன் என்றால் பெரிய பெயர், சின்ன வேலை. வெளியுலகத்து வோல்டேஜை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். மாற்றும் வேலையை கார்டு செய்கிறது. கார்டின் கனெக்டரில் குண்டூசி அளவு பின்கள் 68 கூட இருக்கும். அதில் நேரடியாக வயர் சொருக முடியாது என்பதால் ஒரு கேபிள் போட்டு, மறுமுனையில் ஒரு பெட்டி. அதில் ஸ்க்ரூ டெர்மினல் இருக்கும், அல்லது பி.என்.சி. சாக்கெட் இருக்கும். இதுதான் பிரேக்அவுட் பாக்ஸ். பெரும்பாலும் உள்ளே மூளை எதுவும் கிடையாது. வீட்டில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குத் தூரத்துச் சொந்தம்.

மூளை இல்லாததால்தான் பிரச்சினை. அந்தப் பெட்டி யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தப்பாகக் கொடுத்தால் பீப் சத்தம் வராது, சிவப்பு விளக்கு எரியாது. ஏதோ ஒரு எண் வந்துகொண்டே இருக்கும். எண் வருகிறதே என்று மாணவரும் நம்பிவிடுவார். புரோகிராமில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் கம்பைலர் கத்தும். ஸ்க்ரூ டெர்மினலில் ஒரு வயர் விட்டுப்போனால் யாரும் கத்த மாட்டார்கள்.

ஆர்டுயினோ வைத்து விளையாடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எதுவும் சொருகாத அனலாக் பின்னைப் படித்தால் பூஜ்யம் வராது. வாய்க்கு வந்த எண் வரும். அந்த எண் அவ்வளவு தாறுமாறாக இருப்பதால், ராண்டம் எண்களைத் தொடங்கி வைக்க அதையே பயன்படுத்தும் பழக்கம் உண்டு. புரோகிராமர் ஒருவர் குலுக்கல் சீட்டாகப் பயன்படுத்தும் அதே எண்ணை, வயர் கழன்றது தெரியாத இன்னொருவர் ரீடிங் என்று எழுதி வைக்கிறார்.

மஞ்சள் பலகைக் கணக்கு

ரயில்வே ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். உயரம் என்றால் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

வோல்டேஜும் அப்படித்தான். "இந்தப் பாயிண்டில் 2 வோல்ட்" என்று தனியாக ஒன்று உலகத்தில் கிடையாது. இந்தப் பாயிண்டுக்கும் அந்தப் பாயிண்டுக்கும் இடையே 2 வோல்ட் என்றுதான் சொல்ல முடியும். பிளஸ் டூ பிசிக்ஸில் பொட்டென்ஷியல் டிஃபரன்ஸ் என்று மனப்பாடம் செய்த விஷயம்தான். பரீட்சை முடிந்ததும் "டிஃபரன்ஸ்" மறந்துபோய் "பொட்டென்ஷியல்" மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் சிவப்பு வயரை எங்கே சொருகுவது என்று ஆயிரம் முறை கேட்பவர்கள், கறுப்பு வயரை எங்கேயாவது ஒரு கிரவுண்டில் சொருகிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பெட்டிக்கு வரும் சிக்னல்கள் இரண்டு ஜாதி. ஒன்று, ஏற்கெனவே பூமியோடு, அதாவது பில்டிங் எர்த்தோடு இணைந்தது. மூன்று பின் பிளக்கில் ஓடும் ஃபங்ஷன் ஜெனரேட்டர்களில் பலவற்றின் பி.என்.சி. வெளிவளையம் எர்த்தில்தான் இருக்கும். இன்னொன்று, எதோடும் சேராமல் மிதப்பது. பேட்டரி, எங்கும் தொடாத தெர்மோகப்பிள், டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட சென்சார் எல்லாம் இந்த ரகம்.

கார்டு அளக்கும் விதமும் முக்கியமாக இரண்டு. சிங்கிள் எண்டட் என்றால் எல்லா சிக்னலையும் கார்டின் கிரவுண்டை வைத்தே அளக்கும். டிஃபரன்ஷியல் என்றால் ஒவ்வொரு சிக்னலுக்கும் இரண்டு வயர். அவை இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் அளக்கும். டிஃபரன்ஷியலில் சேனல் எண்ணிக்கை பாதியாகிவிடும். 16 சேனல் கார்டு 8 ஆகிவிடும். "எதற்குப் பாதியை வீணாக்க வேண்டும்?" என்று சிங்கிள் எண்டடுக்குப் போகிறவர்கள் அதிகம். வீணாவது எது என்று பின்னால் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கண்ணி வேறு. டிஃபரன்ஷியலில் சேனல் 0-வின் ஜோடி 1 என்று நினைத்துப் பக்கத்து ஸ்க்ரூவில் முறுக்கிவிடுவார்கள். புழக்கத்தில் இருக்கும் பல 16 சேனல் கார்டுகளில் 0-வுக்கு ஜோடி 8, 1-க்கு ஜோடி 9. பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால் தெரியும். பார்ப்பவர் யார்?

இரண்டு எர்த், ஒரு வில்லங்கம்

எர்த்தில் இருக்கும் சிக்னலை, எர்த்தில் இருக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் கார்டில் சிங்கிள் எண்டடாகக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு எர்த்தும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. இந்தச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டின் எர்த்துக்கும் அந்தச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டின் எர்த்துக்கும் இடையே நீளமான வயர் ஓடுகிறது. அதில் ஏ.சி., ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரண்டைக் கசியவிடுகின்றன. அதனால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம், 50 ஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் கறுப்பு வயரால் இணைத்தவுடன் அந்த வயரிலேயே கரண்ட் ஓட ஆரம்பிக்கும். இதுதான் கிரவுண்ட் லூப். சிக்னலோடு அந்த மில்லிவோல்ட்டும் சேர்ந்து பதிவாகும்.

சில மில்லிவோல்ட்தானே? கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். நாலு மில்லிவோல்ட் பிழை என்றால் கிட்டத்தட்ட நூறு டிகிரி. ஃபர்னஸ் 300 டிகிரியில் இருக்கிறதா 400 டிகிரியில் இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு ஆராய்ச்சி!

தெர்மோகப்பிள் பேச்சு வந்ததால் இன்னும் ஒன்று. அது தரும் வோல்டேஜும் ஒரு வித்தியாசம்தான். சூடான முனைக்கும், வயர் பெட்டியில் ஸ்க்ரூவோடு சேரும் முனைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசம். அறை 30 டிகிரியில் இருந்தால், கொதிக்கும் தண்ணீரில் முக்கிய தெர்மோகப்பிள் 70 டிகிரி என்று சொல்லும். பெட்டியின் வெப்பநிலையைத் தனியாக அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்காகவே உள்ளே ஒரு வெப்பநிலை சென்சார் வைத்த பிரேக்அவுட் பாக்ஸ்கள் உண்டு. அதை ஆன் செய்யாமல், "தெர்மோகப்பிள் டூப்ளிகேட் சார், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பழியைக் கடைக்காரர் தலையில் போடுவது சுலபம்.

ரேஞ்சும் இதே கதைதான். பிளஸ் மைனஸ் 10 வோல்ட் ரேஞ்சில் வைத்த 12 பிட் கார்டு 20 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி 4.88 மில்லிவோல்ட். கே டைப் கணக்கில் ஒரே படியில் சுமார் 119 டிகிரி! 16 பிட் கார்டாக இருந்தாலும் அதே ரேஞ்சில் ஒரு படி ஏழு டிகிரிக்கு மேல். காசு கொடுத்து வாங்கிய பிட்கள் எல்லாம் தவறான ரேஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, டிஃபரன்ஷியலில் போட்டுவிட்டால் எல்லாம் சுபமா? அதுவும் இல்லை. மிதக்கும் சிக்னலை டிஃபரன்ஷியலில் கொடுக்கும்போது, கார்டின் ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் துளியூண்டு கரண்ட் திரும்பிப் போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் இரண்டு வயரும் சேர்ந்து மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் ரேஞ்சின் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். மருந்து மலிவானது. மைனஸ் வயரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர். சில பி.என்.சி. பெட்டிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் பக்கத்தில் எஃப்.எஸ்., ஜி.எஸ். என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மிதக்கும் சிக்னலா, எர்த்தில் இருக்கும் சிக்னலா என்று கேட்கிறது. எஃப்.எஸ். பக்கம் தள்ளினால் உள்ளேயே அந்த ரெசிஸ்டர் சேர்ந்துகொள்ளும். முந்தைய பேட்ச் விட்டுப்போன நிலையிலேயே அந்த சுவிட்சை வைத்துக்கொண்டு படித்து முடித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேரோ!

பேய் சேனல்

இதைவிடச் சுவாரசியமானது அடுத்தது. எட்டு சேனல் இருக்கிறது என்றால் உள்ளே எட்டு கன்வெர்ட்டர் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மல்டிபிளெக்சர் என்ற ஒரு சுவிட்ச், சேனல்களை வரிசையாக ஒவ்வொன்றாக அதற்குக் காட்டும். ரேஷன் கடையில் ஒரே தராசு, எட்டு பேர் க்யூ.

முதல் ஆளுக்கு நிறுத்த அரிசி கொஞ்சம் தராசிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால்? அடுத்த ஆள் கணக்கில் சேரும். இங்கே ஒட்டிக்கொள்வது சார்ஜ். முதல் சேனலைப் படித்தபோது உள்ளே இருக்கும் குட்டிக் கெபாசிட்டரில் ஏறிய சார்ஜை, இரண்டாவது சிக்னல் வந்து மாற்ற வேண்டும். சிக்னலுக்குத் தெம்பு இல்லை என்றால், அதாவது அதன் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்றால், கொடுத்த நேரத்துக்குள் மாற்ற முடியாது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏட்மெகா சிப்புக்கு 10 கிலோ ஓமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. எதுவுமே சொருகாத சேனல் என்றால் கேட்கவே வேண்டாம். முந்தைய சேனலின் அலை அப்படியே நகலாகத் தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு கோஸ்டிங் என்று பெயர். பேய் பிடித்த சேனல்.

இது வெறும் தொல்லையில்லை. இரண்டு சென்சார் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன என்பது எந்த ரிப்போர்ட்டிலும் பலமான வாதம். இரண்டாவது சென்சாரின் வயர் அறுந்துபோயிருந்தால், அப்போதுதான் இரண்டும் மிக நன்றாக ஒத்துப்போகும்! சாட்சி சொல்ல ஆள் வரவில்லை, முதல் சாட்சியே குரலை மாற்றி இரண்டாவது முறை பேசிவிட்டுப் போகிறார்.

"சாஃப்ட்வேரில் சரிசெய்துவிடலாமே?"

வரும், இந்தக் கேள்வி நிச்சயம் வரும். இன்றைக்கு எல்லா சாஃப்ட்வேரிலும் ஃபில்டர் இருக்கிறது. பத்து ரீடிங்கை ஆவரேஜ் எடுத்தால் கோடு நேராகிவிடும். பிசிக்ஸ் படிக்க வந்தவனை எலக்ட்ரீஷியன் ஆக்குவது எதற்கு என்று கேட்பவர்களிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. லேப் நேரம் மூன்று மணி. அதில் ஒரு மணி நேரம் வயரோடு மல்லுக்கட்டினால் பரிசோதனை எப்போது முடியும்?

ஆனால் முதல் காட்சிக்குத் திரும்பிப் பாருங்கள். அந்த மாணவர் புரோகிராமில் 20 மில்லிசெகண்ட் காத்திருந்து ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லியிருந்தார். விநாடிக்கு 50 ரீடிங் என்று நினைத்தார். படிக்கவும் திரையில் வரையவும் 0.4 மில்லிசெகண்ட் கூடுதலாகப் போனது. 20.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 49. சென்சாரின் கறுப்பு வயர் சரியாக முறுக்கப்படாததால் டெர்மினலிலிருந்து கழன்று, காற்றில் இருந்த 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது. விநாடிக்கு 50 முறை ஆடுவதை விநாடிக்கு 49 முறை எட்டிப் பார்த்தால், விநாடிக்கு ஒருமுறை ஆடுவது போலத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தோன்றுமே, அதே விஷயம். ஏலியாசிங்.

இந்தப் பொய் நாடியை எந்த ஃபில்டர் நீக்கும்? எண்ணாக மாறிய பிறகு அது உண்மையிலேயே 1 ஹெர்ட்ஸ் அலை. நிஜமான நாடியும் 1 ஹெர்ட்ஸ். ஃபில்டருக்கு இரண்டும் ஒன்று. ஃபில்டர் போட்டால் அது இன்னும் அழகாகத்தான் ஆகும். சரியாக விநாடிக்கு 50 முறை படித்திருந்தால் இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் முழுவதும் அசையாத ஒரு நேர்கோடாக மாறி, சிக்னலின் அளவோடு சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். இரைச்சலே இல்லாத சுத்தமான, தவறான ரீடிங்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் நிறுத்தினால்தான் உண்டு. 16 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சுமார் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைக்க ஆரம்பித்து 50 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒரு பங்காக்கிவிடும். நாடிக்குப் பெரிய சேதம் இல்லை. அதன் பிறகு வேகமாகப் படித்து, மிச்சத்தை சாஃப்ட்வேரில் கழிக்கலாம். சாஃப்ட்வேர் கூடாது என்பதல்ல வாதம். அது கடைசியில் வர வேண்டும் என்பதுதான். ஆவரேஜ் தாறுமாறான இரைச்சலைக் குறைக்கும். பேய் சேனலையோ, பெட்டியின் வெப்பநிலையையோ ஒருநாளும் குறைக்காது.

லேப்பில் ரீடிங்கை மேனிபுலேட் செய்வது என்று ஒரு பழைய கலை உண்டு. அதைச் செய்பவருக்குத் தான் செய்வது தெரியும். வயரைப் பார்க்காமல் ஃபில்டரைப் போடுபவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் அவருக்கு அது தெரியாது, மனசாட்சியும் உறுத்தாது. இரண்டில் எது ஆபத்து?

பெரியவர்களுக்கும் நடந்தது

மாணவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற பரிசோதனைக் குழு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள், சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் கருவிக்கு, ஒளியைவிட ஏறக்குறைய 60 நானோசெகண்ட் முன்னதாக வந்துவிட்டதாகக் கணக்கு காட்டியது. ஐன்ஸ்டீன் தவறா என்று பத்திரிகைகள் கேட்டன.

2012 பிப்ரவரியில் காரணம் தெரிய வந்தது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஆப்டிகல் ஃபைபர் கேபிளின் கனெக்டர் சரியாகப் பொருந்தவில்லை. வெளிச்சம் குறைவாக வந்ததால், அதை வோல்டேஜாக மாற்றும் சர்க்யூட் தேவையான அளவை எட்ட எழுபது நானோசெகண்ட் போலத் தாமதமாகிவிட்டது. கடிகாரத்தில் எதிர்த்திசையில் ஒரு சின்னப் பிழையும் இருந்தது. இரண்டையும் திருத்தியபோது நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் குழுவின் முக்கியப் பொறுப்பாளர்கள் இருவர் விலகினார்கள்.

அந்தக் குழுவைக் கேலி செய்வது நியாயமில்லை. அவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே சந்தேகப்பட்டு, மற்றவர்களையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்த் தவறைக் கண்டுபிடித்ததும் அவர்களே. அந்தப் பழக்கம்தான் கற்றுக்கொள்ள வேண்டியது. கணக்கில் எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும், ஒரு கனெக்டர் அரைச் சுற்று லூசாக இருந்தால் போதும்.

எர்த் பின்னை ஒடிக்காதீர்கள்

இடையில் ஒரு எச்சரிக்கை. கிரவுண்ட் லூப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது. கிராஃப் உடனே சுத்தமாகிவிடும். உண்மைதான். ஆனால் அந்தக் கருவியின் உள்ளே ஒரு நாள் ஃபேஸ் வயர் இரும்புப் பெட்டியைத் தொட்டால், ஃப்யூஸ் போவதற்கு பதில் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். அடுத்து தொடுபவர் முதலாம் ஆண்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். லூப்பை சிக்னல் வயரில் வெட்ட வேண்டும், பவர் வயரில் அல்ல. டிஃபரன்ஷியலில் கொடுங்கள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள், முடிந்தால் சார்ஜரைக் கழற்றிய லேப்டாப்பில் ரீடிங் எடுங்கள். ஒரு கிராஃப் அழகாக இருப்பதற்காக யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது.

பத்து நிமிடம் போதும்

அப்படியென்றால் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய சிலபஸ் மாற்றம் எதுவும் தேவையில்லை. லேப் ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம்.

முதலில் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் சேர்த்து கிரவுண்டில் வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எவ்வளவு வருகிறதென்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு பென்டார்ச் பேட்டரி. மல்டிமீட்டர் சொல்வதையே கார்டும் சொல்ல வேண்டும். அது மிதக்கும் சிக்னல் என்பதால் அந்த ரெசிஸ்டர் ஏன் வேண்டும் என்பதும் அப்போதே புரிந்துவிடும்.

மூன்றாவது, விநாடிக்கு எத்தனை ரீடிங் என்பதை மாற்றிப் பாருங்கள். இதயத்துக்கு புரோகிராமின் வேகம் தெரியாது. வேகத்தை மாற்றியதும் அலையின் வேகமும் மாறினால் அது பொய் அலை.

நான்காவது, பயன்படுத்தாத சேனல்களை கிரவுண்டில் கட்டிவிடுங்கள். பேய் ஓடிவிடும்.

கடைசியாக, அளக்கும் பொருளை எடுத்துவிடுங்கள். விரலை எடுங்கள், அடுப்பை அணையுங்கள், எடையை இறக்குங்கள். ரீடிங்கும் போக வேண்டும்.

கார்டு வாங்க வசதியில்லாத கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் மாணவர்களுக்காகவே உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் என்ற குறைந்த விலைக் கருவியில், ஒரு துண்டு வயரை இன்புட்டில் சொருகிச் சும்மா தொங்கவிட்டு, காற்றில் வரும் 50 ஹெர்ட்ஸைப் பார்ப்பதே ஒரு பரிசோதனை. மற்றவர்கள் ஒளித்து வைக்கும் இரைச்சலையே பாடமாக்கியிருக்கிறார்கள். எல்லா லேப்பிலும் முதல் வகுப்பு இதுவாக இருக்கலாம்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ரெக்கார்டில் கிராஃபுக்கு மார்க் இருக்கிறது, நீட்டான கோட்டுக்கு மார்க் இருக்கிறது. அன்றைக்கு நிஜமாகவே எந்த ஸ்க்ரூவில் எந்த வயர் இருந்தது என்று கையால் வரைந்த படத்துக்கு மார்க் இல்லை. அச்சடித்த மேனுவலில் இருக்கும் சர்க்யூட்டைப் பார்த்து வரைந்தால் போதும் என்றால், மாணவர் பெட்டியை ஏன் பார்க்கப் போகிறார்? இரைச்சலோடு வந்த உண்மையான கிராஃபுக்குப் பாதி மார்க், ஃபில்டர் போட்டு மழித்த கிராஃபுக்கு முழு மார்க் என்ற நிலை இருக்கும் வரை, புத்திசாலி மாணவர்கள் மழிக்கத்தான் செய்வார்கள். இன்று நாடி சென்சாரில் இதைப் பழகியவர் நாளை ஆஸ்பத்திரி மானிட்டர் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேரலாம். அங்கே விரலை எடுத்தும் நிற்காத நாடி, சிரித்துவிட்டுப் போகும் விஷயமில்லை.

வைவாவில் தேற்றம் கேட்கட்டும், டெஃபனிஷன் கேட்கட்டும். கூடவே கிராஃபைக் காட்டி இதையும் ஒருமுறை கேட்கட்டும்: "தம்பி, இந்த சிக்னலோட ரெண்டாவது வயர் எங்கே போகுது?"

அந்த விரல் சென்சார் மாணவர் அன்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியைத் திறந்து, கழன்ற கறுப்பு வயரை இறுக்கி முறுக்கினார். அலை மாறியது. கோணல்மாணலாக, கொஞ்சம் நடுக்கத்தோடு, நிமிடத்துக்கு 84. பரபரப்பில் இருந்த ஒரு மனிதனின் நாடி. விரலை எடுத்தார். கோடு படுத்துவிட்டது.

முன்பு எடுத்த பிரிண்ட் இன்னும் மேஜையில்தான் இருந்தது. எதை ஒட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான்.